திலேப்பியாக் குஞ்சை ஆணாக்கக் கிடாய் விரைத் தீவனம்: பலன் உண்டா?

வைகைக்கரை: எங்கள் பக்கத்துக் குஞ்சுப் பொரிப்பகம் ஒன்று ‘ரசாயன ஹார்மோன் படாத ஆண் திலேப்பியா’ (ஜிலேபி மீன்) என்று விற்கிறது. குஞ்சுகள் எல்லாம் ஆணாக வளரக் கிடாய் விரையை வாங்கிக் காயவைத்து, அரைத்துத் தீவனத்தில் சேர்க்கிறார்களாம். விலை கூடுதல். வாங்கலாமா?

ஏரிமீன்: தாராளமாக வாங்குங்கள். வழக்கமான முறை என்ன? மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற செயற்கை ஆண் ஹார்மோனைச் சாராயத்தில் கரைத்து, கிலோ தீவனத்துக்கு 60 மில்லிகிராம் வீதம் தெளித்து, 21 முதல் 28 நாள் கொடுப்பார்கள். பல இடங்களில் வேலையாள் கையுறைகூட இல்லாமல்தான் பிசைகிறார். மிச்சம் குளத்துச் சேற்றில் வாரக்கணக்கில் கிடக்கிறது. ஆட்டு விரை யாருக்கு என்ன கேடு செய்யும்?

பொரிப்பகத்தான்: கேடு செய்யாது ஐயா, வேலையும் ஒழுங்காகச் செய்யாது. விரையில் இருப்பது வெறும் டெஸ்டோஸ்டிரோன், அதாவது இயற்கை ஆண் ஹார்மோன். தின்றால் கல்லீரல் அதைச் சீக்கிரமே உடைத்துவிடும். செயற்கை ஹார்மோனில் மெத்தில் தொகுதி ஒட்டியிருப்பதே அதைத் தாக்குப்பிடிக்கத்தான். போதாததற்கு, கிடாயின் வயதையும் பருவத்தையும் பொறுத்து விரையின் வீரியமும் மாறும்.

நூற்றுக்குப் பத்துப் பெட்டை மிஞ்சினாலே தொல்லை. அறுவடையில் பெட்டையைத் தூக்கினால் வாயிலிருந்து மஞ்சள் முட்டை கொட்டுமே, பார்த்ததில்லையா? சில வாரத்துக்கு ஒரு ஈடு குஞ்சு பொரிக்கும். நீங்கள் போடும் தீவனத்தை விரல் நீளக் குஞ்சுகள் தின்று தீர்க்கும். விற்கிற அளவுக்கு எதுவும் வளராது.

தட்டில் ஹார்மோன் மிஞ்சும் என்ற பயமும் வீண். முதல் மாதம் தின்ற குஞ்சு, பல மாதம் கழித்துத்தான் சந்தைக்கு வருகிறது. கால்நடைக்கு வளர்ச்சி ஹார்மோனைத் தடுத்த ஐரோப்பிய ஒன்றியமே, 1996 ஆணையில், மூன்று மாதத்துக்கு உட்பட்ட மீன் குஞ்சை ஹார்மோனால் ஆணாக்குவதற்கு விலக்கு கொடுத்திருக்கிறது.

ஏரிமீன்: தட்டைப் பற்றி நான் பேசவே இல்லை. சேற்றைப் பற்றிக் கேட்டேன், நழுவிவிட்டீர்கள். விரை பிடிக்காவிட்டால் நெருஞ்சில், பூனைக்காலி விதைச் சாறு இருக்கிறது. ஆய்வுகளில் ஆண் விகிதம் உயர்ந்திருக்கிறதே!

பொரிப்பகத்தான்: உயர்ந்தது சரி, ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறதே! சேற்றுக்குப் பதில்: சிமெண்ட் தொட்டியில் கொடுத்து, கழிவுநீரைத் தனியே தேக்கிச் சுத்திகரிக்க வேண்டும். மண்குளத்தில் வலைத்தொட்டி கட்டிக் கொடுப்பவர்களுக்காக நான் வாதாட வரவில்லை.

தென்னந்தோப்பு: இருவருக்கும் ஒரு செய்தி. பிலிப்பைன்ஸில் 1990களிலேயே ஒய்ஒய் ஆண் மீனை, அதாவது ஆண் குரோமோசோமான ஒய் இரண்டு கொண்ட மீனை, உருவாக்கிவிட்டார்கள். சாதாரணப் பெட்டையோடு சேர்த்தால் குஞ்சுகள் ஏறக்குறைய எல்லாம் ஆண். ஹார்மோன் முந்தைய தலைமுறையோடு சரி. விற்கிற குஞ்சுக்குத் துளியும் கிடையாது. ஆனால் தாய்மீன் இருப்பைக் கலப்பில்லாமல் காப்பது பெரும்பாடு.

வைகைக்கரை: அதெல்லாம் எனக்கு எட்டாது. வாங்கிய குஞ்சு ஆணா என்று நானே பார்க்க முடியுமா?

பொரிப்பகத்தான்: ஐம்பது கிராம் வந்ததும் மல்லாத்திப் பிடித்து, மலத்துளைப் பக்கம் மை தடவுங்கள். பெட்டைக்கு மூன்று துளை தெரியும், ஆணுக்கு இரண்டு. நூறு மீனாவது பாருங்கள். அதற்கு முன், திலேப்பியா வளர்ப்புக்கு அரசு அனுமதி வேண்டும். பொரிப்பகத்திடமும் அதைக் கேளுங்கள்.

ஏரிமீன்: ஹார்மோன் குஞ்சிலும் நூறு எடுத்து அதே மையைத் தடவி, இரண்டு கணக்கையும் இங்கே போடுங்கள் வைகைக்கரை. அப்புறம் பேசலாம்.