சுடுதண்ணீர் குறைவில்லை, மின் கட்டணம்தான் ஏறுகிறது: ஹீட் பம்ப்பில் என்ன கோளாறு?

சோமனூரிலிருந்து கேட்பவர்:
வணக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் மொட்டை மாடியில் 200 லிட்டர் ஹீட் பம்ப் (காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சுட வைக்கும் இயந்திரம்) வைத்தோம். வீட்டில் ஏழு பேர். அமுச்சிக்கு (அம்மாவின் அம்மாவுக்கு) முட்டி வலி. விடியற்காலையில் சுடுதண்ணீர் இல்லாமல் முடியாது. சென்ற ஆண்டு கார்த்திகை, மார்கழிக் கணக்கில் 420 யூனிட் வந்தது. இந்த ஆண்டு 690. புதிதாக எந்த மின்சாதனமும் வாங்கவில்லை. தண்ணீர் எப்போதும்போல நல்ல சூடாக வருவதால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. பழுது பார்க்க வந்தவர் தொட்டியைத் தொட்டுப் பார்த்து, "குளிர்காலத்தில் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெப்பநிலை 60 டிகிரியில் இருக்கிறது. ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. இயந்திரத்தின் அடியில் சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றுவேன். ஐப்பசியிலிருந்து அந்த வாளி காய்ந்து கிடக்கிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

பொள்ளாச்சியிலிருந்து:
ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா, அம்மணி? எங்கள் வீட்டில் துணைக் காயிலின் (தொட்டிக்குள் இருந்து மின்சாரத்தால் நேரடியாகச் சுட வைக்கும் கம்பிச்சுருள்) மேல் உப்பு ஓடு போலப் படிந்திருந்தது. தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியத் தண்டையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். அது கரைந்து தீர்ந்துவிட்டால் அடுத்துத் துருப்பிடிப்பது தொட்டிதான்.

வால்பாறையிலிருந்து:
மலையில் இருக்கும் எங்களுக்குத்தான் துணைக் காயில் அடிக்கடி தேவைப்படும். காற்று குளிரக் குளிர ஹீட் பம்ப் அதிலிருந்து எடுக்கும் வெப்பம் குறையும். சோமனூர்க் குளிருக்கு 270 யூனிட் அதிகமாக வராது.

பல்லடத்திலிருந்து (குளிர்சாதனப் பழுதுநீக்கத்தில் இருபது ஆண்டுகள்):
உங்கள் கேள்விக்கு விடை அந்த வாளியில் இருக்கிறது.

ஹீட் பம்ப் வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுக்கிறது. அப்போது அலுமினியத் தகடுகள் குளிர்ந்து, காற்றின் ஈரம் அவற்றில் படிந்து சொட்டும். சொட்டவே இல்லை என்றால் கம்ப்ரசர் ஓடவில்லை, அல்லது ஓடத் தொடங்கிச் சற்று நேரத்திலேயே நின்றுவிடுகிறது. தண்ணீரோ சூடாக வருகிறது. ஆகவே சுட வைப்பது உள்ளே இருக்கும் துணைக் காயில்தான்.

கணக்குப் பாருங்கள். 200 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 55க்கு ஏற்ற ஏறக்குறைய 7 யூனிட் வெப்பம் வேண்டும். காயில் அவ்வளவையும் மின்சாரமாகவே தின்னும். நல்ல நிலையில் உள்ள ஹீட் பம்ப்புக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். நாளொன்றுக்கு நான்கரை யூனிட்டுக்கு மேல் வித்தியாசம். அறுபது நாளுக்குப் பெருக்கினால் உங்கள் 270 வந்துவிடும். அதோடு 500ஐத் தாண்டியதால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விகிதம் கூடியிருக்கும். பொள்ளாச்சி நண்பர் சொன்ன உப்பு, காயிலைச் சீக்கிரம் எரித்துவிடும். கட்டணத்தை இவ்வளவு ஏற்றாது.

இரவு கட்டுப்பாட்டுப் பலகையில் 'ஹீட் பம்ப் மட்டும்' என்ற முறைக்கு மாற்றுங்கள். ஓடும்போது விசிறி வெளியே தள்ளும் காற்றில் கை வையுங்கள். சுற்றியுள்ள காற்றைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் விசைத்தறிக் கூடம் இருக்கிறதா?

சோமனூரிலிருந்து:
இருக்கிறது, அண்ணா. சுவரை ஒட்டியே எட்டுத் தறி. காற்றில் குளிர்ச்சியே இல்லை. பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். தகடுகளே தெரியவில்லை, கம்பளி போர்த்தியது போல இருக்கிறது.

பல்லடத்திலிருந்து:
பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று பஞ்சை வாரி அடைத்திருக்கும். பாவு நூலின் கஞ்சித் தூளும் சேர்வதால் அது பசையாக ஒட்டிக்கொள்ளும். காற்று நுழையாவிட்டால் தகடுகளில் உறைபனி கட்டும், அழுத்தம் விழும், பாதுகாப்புக்காகக் கம்ப்ரசர் நின்றுவிடும். துணைக் காயில் இல்லாதிருந்தால் முதல் நாளே தண்ணீர் குளிர்ந்து உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது ஈடுகொடுத்ததால்தான் இரண்டு மாதம் மறைந்துவிட்டது. இதை வந்து பார்த்தவர் சொல்லாமல் போனது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலில் எம்.சி.பி.யை (இயந்திரத்துக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) அணையுங்கள். மெல்லிய தூரிகையால் தகடுகளின் போக்கிலேயே மேலிருந்து கீழாகத் தேய்த்துப் பஞ்சை எடுங்கள். பிறகு மின்பெட்டியில் படாதபடி சிறு தாரையாகத் தண்ணீர் விடுங்கள். கார் கழுவும் விசைக்குழாய் வேண்டாம், தகடு மடங்கிவிடும். சுத்தம் செய்த பிறகும் குளிர்காற்று வராவிட்டால் உள்ளே இருக்கும் குளிரூட்டும் வாயு கசிந்திருக்கலாம்; அதற்கு ஆள்தான் வர வேண்டும்.

வெப்பநிலையை 52க்கு இறக்குங்கள். 60 டிகிரித் தண்ணீர் வயதானவர் தோலைச் சில நொடிகளில் சுட்டுவிடும். கிருமி சேராமலிருக்க வாரம் ஒருமுறை மட்டும் 60க்கு ஏற்றினால் போதும்; அன்று அமுச்சிக்கு நீங்களே விளாவிக் கொடுங்கள்.

சோமனூரிலிருந்து (நான்கு நாள் கழித்து):
ஒரு முறம் நிறையப் பஞ்சு வந்தது! காற்று இப்போது சில்லென்று இருக்கிறது, வாளியில் பாதி தண்ணீர். இரவில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைக் குறித்தேன்: இரண்டரை யூனிட்டில் தொட்டி முழுவதும் சூடாகிவிட்டது. மிக்க நன்றி, அண்ணா. பஞ்சு நுழையாமல் கொசுவலை கட்டிவிடலாமா?

பல்லடத்திலிருந்து:
தகடுகளை ஒட்டிக் கட்டாதீர்கள், வலையே அடைத்துக்கொள்ளும். ஓரடி தள்ளிச் சட்டம் அடித்து அகலமாகக் கட்டி, வாரம் ஒருமுறை உதறுங்கள். ஆடியில் இரண்டு நாளுக்கு ஒருமுறை.