உதவி: கூலிங் பைப் மரையில் கசிவு, எந்த சீலன்ட் போடலாம்?

அலைக்கரை: அவசரம். படகு என்ஜின் கூலிங் பைப்பில் புது எல்போ (வளைவு இணைப்பு) மாட்டினேன். மரையில் சொட்டுகிறது. மூன்று முறை கழற்றி டெஃப்லான் டேப் சுற்றிவிட்டேன். நாளைக் காலை கடலில் இறக்க வேண்டும். எந்த பேஸ்ட் நல்லது?

நங்கூரம்22: கடல் தண்ணீர் ஓடும் பக்கமா, கூலன்ட் பக்கமா? என்ன சைஸ்? என்ன உலோகம்?

சுக்கான்: தம்பி, முனையில் முதல் மரையை விட்டுவிட்டு, கடிகாரம் சுற்றும் திசையில் டேப் சுற்ற வேண்டும். இங்கே நூறு முறை சொல்லியாயிற்று. இதுகூடத் தெரியாமல் என்ஜினில் கை வைக்கலாமா?

உப்புக்காற்று: பித்தளையாகத்தான் இருக்கும். கடல் தண்ணீரில் துத்தநாகம் கரைந்துபோய் செம்பு மட்டும் மிஞ்சும். அரத்தால் லேசாகத் தேயுங்கள், இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். வெண்கலம்தான் சரி.

நங்கூரம்22: புது எல்போ ஒரே நாளில் அப்படி ஆகாது. காரணம் வேறு.

அலைக்கரை: கடல் தண்ணீர் பக்கம். முக்கால் இஞ்ச். கையால் ஒன்றரைச் சுற்று போகிறது, அப்புறம் பிடித்துக்கொள்கிறது.

திரைப்பாய்: டேப்பை விடுங்கள், காற்றில்லாத இடத்தில் இறுகும் சீலன்ட் போடுங்கள். அதிர்வுக்கு அசையாது. பிளாஸ்டிக் ஃபிட்டிங்கில் மட்டும் வேண்டாம்.

சுக்கான்: டேப்பே போதும். எத்தனை என்ஜின் பார்த்திருப்பேன்!

திரைப்பாய்: வெப்பநிலை சென்சாரிலும் டேப்தானா? அதற்கு மரை வழியாகத்தான் எர்த். அப்படிச் சுற்றிய ஒரு படகில் மீட்டர் முள் குளிரிலேயே நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

சுக்கான்: இறுக்கும்போது மரை டேப்பை அறுத்துக்கொண்டு உலோகத்தைத் தொடும். அது மோசமான சென்சாராக இருந்திருக்கும்.

திரைப்பாய்: தொடலாம், தொடாமலும் போகலாம். ஓம் மீட்டர் வைத்துப் பார்க்காமல் எப்படிச் சொல்கிறீர்கள்?

நங்கூரம்22: சென்சார் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அலைக்கரை, அந்த ஒன்றரைச் சுற்றுதான் துப்பு. சரியான டேப்பர் மரை (நுனி நோக்கிக் குறுகும் மரை) என்றால் கையாலேயே மூன்று நான்கு சுற்று போகும். நீங்கள் என்பிடி (அமெரிக்க பைப் மரை) ஃபிட்டிங்கை பிஎஸ்பி (பிரிட்டிஷ் பைப் மரை) துளையில் ஏற்றியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அரை, முக்கால் இஞ்சில் இரண்டுக்கும் இஞ்சுக்கு 14 மரை, அதனால் ஏமாற்றும். ஒரு இஞ்ச் என்றால் என்பிடிக்கு 11.5, பிஎஸ்பிக்கு 11, வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். கோணமும் வேறு: என்பிடி 60 டிகிரி, பிஎஸ்பி 55. நடுவே சுருளாக ஒரு இடைவெளி நிற்கும், எந்த பேஸ்டும் அதை நம்பகமாக அடைக்காது. ஸ்பேனர் போட்டு இன்னும் இறுக்காதீர்கள், வார்ப்பு விரிந்துவிடும். பழைய எல்போ இருக்கிறதா? மரையின் முகட்டைப் பாருங்கள். பிஎஸ்பியில் உருண்டிருக்கும், என்பிடியில் தட்டையாக வெட்டியிருக்கும்.

உப்புக்காற்று: மாற்றும்போது வெண்கலமாகவே வாங்குங்கள்!

அலைக்கரை: லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பழையதில் உருண்டை, புதியதில் தட்டை. வெண்கல பிஎஸ்பி எல்போ கையால் நான்கு சுற்று போனது. டேப் சுற்றி அரை மணி நேரம் ஓட்டினேன், துளி இல்லை. நன்றி அண்ணே.