பக்கத்துக்குப் பக்கம் தன்னையே திட்டிக்கொள்ளும் டீச்சர்: இந்த நாட்குறிப்பை எப்படிச் சுருக்குவது?

ஈசூன்வாசி:
எங்கள் வட்டார நூலகத்தில் நடக்கும் வாசகர் வட்டத்தில் அடுத்த முறை நான் பேச வேண்டும். எடுத்துக்கொண்டது, அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷியர் கிராமம் ஒன்றில் 1840களில் பாடம் நடத்திய ஓர் இளம்பெண்ணின் நாட்குறிப்பு. புத்தகமாக வரவில்லை, கையெழுத்துப் பக்கங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். நானும் துணைப்பாட ஆசிரியை என்பதால் ஆசையாகத்தான் ஆரம்பித்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு அவள் ஒதுக்குவது அரை வரி. விறகு ஈரம், அறையெல்லாம் புகை. பெரிய பையன் ஒருவன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அவ்வளவுதான். அப்புறம் முக்கால் பக்கத்துக்கு நெஞ்சு கல்லாகிவிட்டது, ஜெபத்தில் மனம் நிற்கவில்லை, நான் பாவி என்று ஒரே புலம்பல். ஒரு நாள் ஒரு வாண்டு செய்த சேட்டைக்கு வகுப்பிலேயே சிரித்துவிட்டாளாம், அதற்கும் இறைவனிடம் மன்னிப்பு! என் உயர்நிலை இரண்டு பிள்ளைகளோடு அவள் ஒரு மணி நேரம் இருந்திருக்க வேண்டும்.

எனக்கு 20 நிமிடம்தான் தருவார்கள். புலம்பலை வெட்டிவிட்டுப் பள்ளிக்கூடச் செய்திகளை மட்டும் தொகுக்கலாமா? இன்னோர் உறுத்தலும் உண்டு. தனக்கென்று எழுதி வைத்ததை நாலு பேர் நடுவே வாசிப்பது முறையா?

பழைய சாக்பீஸ்:
டீச்சர், தயவுசெய்து வெட்டாதீர்கள். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பெரும்பாலும் காங்கிரிகேஷனல் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவின் சபைகள்தாம். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போனால் மட்டும் முழு உறுப்பினர் ஆகிவிட முடியாது. தன் உள்ளம் மாறிய கதையைச் சபையாருக்குச் சொல்லி, அவர்கள் ஏற்க வேண்டும். அதற்கும் அடியில், 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தவாதி கால்வின் வழி வந்த நம்பிக்கை ஒன்று இருக்கிறது: யார் யாரை மீட்பது என்று கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார். அந்தக் கூட்டத்தில் நான் இருக்கிறேனா? கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை, நெஞ்சுக்குள்தான் அடையாளம் தேட வேண்டும். இன்று உருகினேனா, நேற்றுப்போல் வறண்டு கிடந்தேனா என்று. நீங்கள் புலம்பல் என்று ஒதுக்குவது அந்தத் தேடலின் பதிவு.

சிவபுராணத்தில் ‘நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு’ என்று வருகிறது. மாணிக்கவாசகருக்குத் தன்னம்பிக்கை போதவில்லை என்றா சொல்கிறோம்?

சனிக்கிழமைக் குறிப்புகளையும் பாருங்கள். நியூ இங்கிலாந்து என்கிற அந்த அமெரிக்க வடகிழக்கு வட்டாரத்தின் பழைய வழக்கப்படி ஓய்வுநாள் சனிக்கிழமை பொழுது சாய்ந்ததுமே தொடங்கிவிடும். தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருப்பாள்.

தேக்கா தம்பி:
அக்கா, எனக்கு இந்த மதச் சங்கதியெல்லாம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அந்த அரை வரியிலேயே நிறைய இருக்கிறது. அப்போது கிராமப் பள்ளி என்பது ஒரே அறை, நடுவில் ஓர் அடுப்பு. விறகு பெற்றோர் முறைவைத்துக் கொடுப்பது. ஈர விறகு என்றால் யாரோ ஒரு புண்ணியவான் பச்சை மரத்தை வெட்டி அனுப்பிவிட்டார் என்று அர்த்தம்! டீச்சருக்கும் சொந்தமாகத் தங்க இடம் கிடையாது. பிள்ளைகளின் வீடுகளில் மாறி மாறித் தங்க வேண்டும், அதிகப் பிள்ளைகள் படிக்கும் வீட்டில் அதிக நாள்.

சம்பளமும் அப்படித்தான். பின்னாளில், 1837இல், மவுண்ட் ஹோலியோக் கல்வி நிலையத்தைத் தொடங்கிய மேரி லயன், 1814இல் ஷெல்பர்ன் ஃபால்ஸில் முதன்முதலாகப் பாடம் நடத்தியபோது வாரத்துக்கு 75 காசும் சாப்பாடும்தான்.

பனிக்காலக் குறிப்பு ஏதாவது இருக்கிறதா? பண்ணை வேலை இல்லாத மாதங்களில்தான் வளர்ந்த பையன்கள் பள்ளிக்கு வருவார்கள். அவர்களை அடக்க ஆண் வாத்தியார்தான் வேண்டும் என்று பல ஊர்களில் பெண்களுக்குக் கோடைப் பருவத்தை மட்டுமே கொடுப்பார்கள்.

ஈசூன்வாசி:
இருக்கிறது தம்பி. சொன்ன பேச்சைக் கேட்காத அந்தப் பையன் வருவதே ஜனவரியில்தான். வாத்து இறகுப் பேனாக்களின் முனையைக் காலையில் இவள்தான் கத்தியால் சீவித் தர வேண்டும். சின்னதுகள் வரிசையில் நிற்கின்றன, அவன் வரிசையை இடித்துக்கொண்டு முன்னால் வந்து பேனாவை மேசையில் எறிகிறான். இவள் வாயே திறக்காமல் சீவிக் கொடுத்துவிடுகிறாள். இரவில் எழுதுவது: கையில் கத்தி இருந்தபோது என் மனத்தில் வந்த எண்ணத்தை ஆண்டவர் அறிவார். இதை முதலில் படித்தபோது புலம்பல் கணக்கில்தான் சேர்த்திருந்தேன்.

சாக்பீஸ் ஐயா, ஒன்று மட்டும் இடிக்கிறது. திருவாசகம் ஊரே சேர்ந்து பாடுவது. இவளோ அந்த வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே படுக்கையில் படுத்துக்கொண்டு, அவர்கள் தூங்கின பிறகு எழுதுகிறாள்.

உடுவில் பேத்தி:
தனக்கு மட்டும் என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள் அக்கா. 1839இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து லெக்சிங்டனில் அரசாங்க ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது மாணவிகள் நாட்குறிப்பு எழுத வேண்டும், தலைமை ஆசிரியர் அதைப் பார்ப்பார். பக்தியுள்ள பெண்கள் இறந்த பிறகு அவர்களுடைய நாட்குறிப்பை அச்சிட்டுப் பிறர் வாசிக்கக் கொடுப்பதும் வழக்கம். என் அம்மம்மா படித்த யாழ்ப்பாணத்து உடுவில் பள்ளியை 1824இல் தொடங்கிய ஹாரியட் வின்ஸ்லோ, கனெக்டிகட் மாநிலத்து நார்விச் ஊர்க்காரர். 1833இல் அவர் இறந்தார். இரண்டே வருடத்தில் கணவர் அவருடைய குறிப்புகளையும் கடிதங்களையும் சேர்த்துப் புத்தகமாக்கிவிட்டார். கணவர் வேறு யாருமில்லை, 1862இல் தமிழ் அகராதி வெளியிட்ட அதே வின்ஸ்லோ. அந்த அகராதியைப் புரட்டும் நம்மில் எத்தனை பேருக்கு அந்தம்மாவைத் தெரியும்?

உங்கள் டீச்சரும் இப்படிப்பட்ட புத்தகங்களைப் படித்து வளர்ந்தவளாகத்தான் இருப்பாள். யாராவது ஒரு நாள் படிப்பார்கள் என்ற நினைப்பு மூலையில் இருந்திருக்கலாம்.

ஈசூன்வாசி:
இருந்திருக்கலாம். ஆனால் இவளுடையதை யாரும் அச்சுக்குக் கொடுக்கவில்லையே.

சரி, இப்படிச் செய்யப்போகிறேன். தொகுப்பு வேண்டாம். அந்த ஜனவரி நாளை மட்டும், புகை, பேனா, கத்தி, மன்னிப்பு எல்லாவற்றோடும் ஒரு வரி விடாமல் வாசிக்கிறேன். சபை, மீட்பு பற்றி ஐயா சொன்னதை முன்னால் ஐந்து நிமிடம் சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் எல்லாரும் என்னைப் போலவே உச்சுக்கொட்டுவார்கள். இன்னொரு பக்கத்தில் யாரோ ஒருவருடைய பெயரை எழுதிவிட்டுக் கறுப்பு மையால் அடித்திருக்கிறாள். ஸ்கேனைப் பெரிதாக்கினால் படிக்க முடிகிறது. அந்தப் பக்கத்தை வட்டத்துக்குக் கொண்டு போகப்போவதில்லை; பேத்தி என்ன சொன்னாலும் சரி.