பலாலி – சென்னை – மதுரை: இடைவெளி எவ்வளவு விடலாம்?

கண் அறுவைக்காக என் பெரியம்மா யாழ்ப்பாணத்திலிருந்து மதுரை வருகிறார். வயது 72, சக்கர நாற்காலி தேவை. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர்தான். ஏடிஆர் என்ற சிறிய புரொப்பெல்லர் விமானம் என்பதால் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அது புரிகிறது.

சிக்கல் சென்னையில். குடிநுழைவு, சுங்கம் முடித்து, பெட்டியை எடுத்துக்கொண்டு உள்நாட்டு முனையத்துக்கு மாற வேண்டும். பெட்டியில் பாதி ஒடியலும் (காய்ந்த பனங்கிழங்கு) பனாட்டும் (காயவைத்த பனம்பழக் கூழ்). திறக்கச் சொன்னால் அதற்கும் நேரம் போகும். டிக்கெட்டுகள் தனித்தனி. முதல் விமானம் தாமதமானால் அடுத்ததன் பணம் போய்விடும்.

முகவர் இரண்டு மணி நேரம் போதும் என்கிறார், எனக்கு நம்பிக்கையில்லை. விமான நிறுவனத்தை மூன்று முறை அழைத்தேன், இசைதான் கேட்டது.

சக்கர நாற்காலியுடன் இப்படி மாறியவர்கள் சொல்லுங்கள்: எத்தனை மணி நேரம் விட்டு மதுரை டிக்கெட் எடுக்கலாம்?