வர்ஜீனியா வாட்டரில் தொடங்குங்கள், விண்டர்மியருக்கு அப்புறம் போகலாம்

ஜூலையில் அம்மா அப்பா ஊரிலிருந்து வருகிறார்கள், லண்டனிலிருந்து ஒரே நாளில் லேக் டிஸ்ட்ரிக்ட் (இங்கிலாந்தின் வடமேற்கில் மலையும் ஏரிகளுமான பகுதி) போய்வந்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் செய்யாதீர்கள். அங்கிருக்கிற விண்டர்மியர் ஊரே 400 கிலோமீட்டருக்கு மேல். வழியில் நெரிசல் இல்லாவிட்டாலே போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம், போய்ச் சேர்ந்ததும் பார்க்கிங் தேடும் படலம் வேறு. வயதானவர்கள் கார் ஜன்னல் வழியே நாலு ஆட்டைப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். புதிதாக வந்த நம்மவர்கள் பலரின் முதல் கோடை இப்படித்தான் கழிகிறது.

முதலில் பக்கத்திலிருக்கிற தண்ணீருக்குப் போங்கள். லண்டனின் மேற்கே ஹவுன்ஸ்லோ, ஸ்லவ் பக்கம் இருப்பவர்களுக்கு வர்ஜீனியா வாட்டர் ஏரியை விடத் தோதான இடம் எனக்குத் தெரியாது. விண்ட்சர் கிரேட் பார்க் என்ற அரச பூங்காவின் தென்கோடியில் இருக்கிறது, உள்ளே போகக் கட்டணம் இல்லை, காருக்கு மட்டும்தான். கார் இல்லாவிட்டால் வாட்டர்லூவிலிருந்து ரெடிங் போகும் ரயிலில் ஏறி வர்ஜீனியா வாட்டர் ஸ்டேஷனில் இறங்கினால் அரை மணி நேர நடை. ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 7 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். முழுதும் சுற்ற வேண்டும் என்று கட்டாயமில்லை, முடிந்தவரை போய்விட்டுத் திரும்பலாம். 18ஆம் நூற்றாண்டில் ஓடையை அணைகட்டித் தடுத்து உண்டாக்கிய ஏரி அது. கரையில் 100 அடி உயரத்தில் ஒரு டோட்டம் கம்பம் (பூர்வகுடி மக்கள் உருவங்கள் செதுக்கும் மரக்கம்பம்) நிற்கும், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு 100 வயது ஆனதையொட்டி 1958இல் வந்தது, வருஷத்துக்கு ஓர் அடி. இன்னொரு பக்கம் லிபியாவின் பழைய நகரமான லெப்டிஸ் மாக்னாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து நிறுத்திய ரோமானியத் தூண்கள். ராஜாவின் தோட்டத்துக்கு அலங்காரமாம்! யாருடைய கல்லை யார் எங்கே கொண்டுபோய் நட்டார்கள் என்று என் அப்பா அந்த இடத்தில் ஒரு பிரசங்கமே செய்தார்.

லண்டனிலேயே இருக்கிற ரிச்மண்ட் பார்க்கும் நல்லதுதான், அறுநூறு மான்களுக்கு மேல் அவிழ்த்துவிட்டபடி திரிகின்றன. 50 மீட்டர் தள்ளியே நில்லுங்கள், தீனி கொடுக்காதீர்கள். மே முதல் ஜூலை வரை குட்டி போடும் காலம், செப்டம்பர் அக்டோபரில் கிடாக்கள் மோதிக்கொள்ளும் காலம். போட்டோ எடுக்கிறேன் என்று குழந்தையை மான் பக்கத்தில் நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

சரி, நாய் விஷயம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஊரிலிருந்து வரும் அம்மாக்களுக்குப் பாதி பயம் இதில்தான். இங்கே பூங்காக்களில் பல இடங்களில் நாயைக் கயிறில்லாமல் விடுவார்கள், அது பாட்டுக்கு ஓடிவந்து சேலை முந்தானையை மோந்து பார்க்கும். ஓடக் கூடாது, கத்தக் கூடாது, டிபன் பையைத் தலைக்கு மேல் தூக்கினால் விளையாட்டென்று நினைத்து அது மேலே தாவும். கையை மடக்கிக்கொண்டு அப்படியே நின்றால் போதும். நாய்க்காரர் தூரத்திலிருந்தே "ஒன்றும் செய்யாது" என்று சிரிப்பார். செய்யாதுதான், ஆனாலும் அம்மாவுக்குப் பயம், கயிறு போட முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். பெரும்பாலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உடனே பிடித்துக்கொள்வார்கள்.

நாட்டுப்புறத்துக்குப் போனால் இன்னொரு தயக்கம் வரும். பாதை நேராக ஒருவருடைய வயலுக்குள், சில இடங்களில் பண்ணை வீட்டு வாசலை ஒட்டியே போகும். நம் ஆட்கள் அங்கே நின்று, உள்ளே போகலாமா, திட்டுவார்களா என்று கூடிப் பேசுவார்கள். கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் அது பொதுப்பாதை, நடந்து போக உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் கூட வரும். அந்தப் பாதையை விட்டு விலகாமல் போனால் யாரும் கேட்க முடியாது. கேட்டை எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே விட்டுவிட்டுப் போங்கள், மூடியிருந்தால் மூடி, திறந்திருந்தால் திறந்து. கன்றோடு மாடு நின்றால் சுற்றிப் போங்கள், நம்மூர் மாடு போலத் தட்டிக்கொடுக்கப் போக வேண்டாம்.

கேட் என்றதும் ஞாபகம் வருகிறது. அரைவட்டக் கூண்டுக்குள் ஒரு கதவு ஆடும்படி ஒரு வகை உண்டு, உள்ளே நுழைந்து ஓரமாக ஒதுங்கி, கதவை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு வெளியே வர வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான். குழந்தை வண்டி அதில் நுழையாது, முழங்கால் வலிக்காரர்களுக்கு மரப்படி ஏறித் தாண்டுகிற வேலித்தடுப்பு இன்னும் மோசம். அதனால்தான் லேக் டிஸ்ட்ரிக்ட் போகும்போது தேசியப் பூங்கா இணையதளத்தில் "மைல்ஸ் விதவுட் ஸ்டைல்ஸ்" என்ற பட்டியலைத் தேடிப் பாருங்கள் என்கிறேன். ஏறித் தாண்ட வேண்டிய தடுப்பு இல்லாத பாதைகளை மட்டும் தொகுத்து வைத்திருக்கிறார்கள். டார்ன் ஹவ்ஸ் அதில் ஒன்று, ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் சுற்று. கெஸ்விக் ஊரில் டெர்வென்ட்வாட்டர் ஏரிக் கரையோடு ஃப்ரையர்ஸ் கிராக் என்ற பாறைமுனை வரை போவதும் சுலபம், வழியெல்லாம் பெஞ்ச் இருக்கும். பெஞ்சின் முதுகில் சின்னப் பித்தளைத் தகடு, இறந்துபோன ஒருவரின் பெயரும் இந்த இடத்தை அவர் நேசித்தார் என்று ஒரு வரியும். என் அப்பா ஒரு பெஞ்சையும் விடாமல் படித்து, எத்தனை வயதில் போனார் என்று கணக்குப் போட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அங்கே போக ரயில்தான் என் ஓட்டு. லண்டன் யூஸ்டனிலிருந்து ஆக்ஸன்ஹோம் ஸ்டேஷன் மூன்று மணி நேரத்துக்குள், அங்கே மாறினால் விண்டர்மியர் இருபது நிமிடம். இறங்கியதும் 555 பஸ் ஆம்பிள்சைடு, கிராஸ்மியர் வழியாகக் கெஸ்விக் போகும். கார்தான் என்றால் ஹார்ட்நாட் கணவாய் வழியாக மேப் காட்டும் குறுக்குவழியை நம்பாதீர்கள். மூன்றடிக்கு ஓரடி ஏறுகிற, ஒரே வண்டி போகிற அகலச் சாலை, எதிரே வண்டி வந்தால் நீங்கள்தான் பின்னால் எடுக்க வேண்டியிருக்கும். பார்க்கிங்குக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் ஆப் வேலை செய்ய சிக்னல் கிடைக்காது. கேமரா மட்டும் நம்பர் பிளேட்டை ஒழுங்காகப் படித்துவிடும்.

மழை பற்றி நான் சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்கிறேன். கெஸ்விக்குக்குத் தெற்கே இருக்கும் சீத்வெய்ட்டில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, சென்னைக்குக் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு. குடை காற்றில் மடங்கிப் போகும். தலைமூடி வைத்த ரெயின் ஜாக்கெட், பிடிமானமுள்ள ஷூ, அம்மாவுக்கும் சேர்த்துத்தான். செருப்போடு ஈரப் புல்லில் இறங்க விடாதீர்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் பாட்டிலும் மறக்க வேண்டாம், அங்கே காகிதம் மட்டும்தான்.

தண்ணீரில் இறங்குவது பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவன் என்கிற பெருமை இங்கே செல்லாது. வெயிலடித்தாலும் தண்ணீர் சில்லென்று இருக்கும், குதித்த நொடியில் மூச்சு வாங்கித் தண்ணீரை உள்ளே இழுத்துவிடுவீர்கள், நன்றாக நீந்துகிறவர்களே இப்படித்தான் போகிறார்கள். வர்ஜீனியா வாட்டரில் நீந்தவே தடை. கோடையில் நீலப்பச்சைப் பாசி எச்சரிக்கைப் பலகை கண்டால் குழந்தைகள் கைகூட நனைக்கக் கூடாது. தூண்டில் போடுகிற ஆசை இருந்தால், 13 வயது ஆன எவருக்கும் லைசென்ஸ் வேண்டும் (16 வரை இலவசம், ஆனாலும் எடுத்தாக வேண்டும்), அது போக ஏரிக்காரரின் அனுமதி தனி. பிடித்த மீனைக் குழம்புக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்துவிடாதீர்கள், பல இடங்களில் திருப்பி விட்டுவிட வேண்டும்.

சாப்பாடு கட்டிக்கொண்டே போங்கள், புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் போதும். அலுமினியத் தட்டு பார்பிக்யூ மட்டும் வேண்டாம், புல் பற்றிக்கொள்ளும் என்பதால் பெரும்பாலான இடங்களில் தடை.

தேதி பற்றி: ஜூலைக் கடைசி வாரத்தில் இங்கே பள்ளி விடுமுறை தொடங்கிவிடும், அப்புறம் அறை விலை தலையைச் சுற்றும். அவர்கள் வந்து தூக்கக் கலக்கம் தெளிந்ததும் ஒரு சனிக்கிழமை வர்ஜீனியா வாட்டர், முழங்கால் தாங்குகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். தாங்கினால் ஜூலை முதல் பாதியில், திங்கள் முதல் வியாழன் வரை கெஸ்விக்கில் அறை போடுங்கள். இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், காலையில் மழை பெய்தாலும் சாயங்காலம் போய்க்கொள்ளலாம்.