புதுப்பிப்பு: 340 கட்டங்களில் 135 சிவப்பாகிவிட்டன

போன ஆடியில் எழுதியிருந்தேன்: மொத்தக் கடன் 3,40,000, சிக்கனமாக இருந்தும் மனசு சோர்ந்துபோகிறது, எப்படித் தாக்குப்பிடிப்பது என்று. இன்றைக்கு மீதி 2,05,000.

சின்னக் கடனை முதலில் அடை என்றார்கள் சிலர். நான் வட்டி அதிகமானதையே பிடித்தேன். புரோநோட்டுக் கடன் 60,000, மூன்று வட்டி. நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். மாதம் 1,800 வட்டிக்கே போனது, அசல் அசையவில்லை. தை மாதம் அதை முடித்துப் புரோநோட்டை வாங்கிக் கிழித்தபோது கை நடுங்கியது. அந்த 1,800 இப்போது நகைக்கடனுக்குப் போகிறது.

மனசைக் காப்பாற்றியது பழைய காலண்டர் தாள்தான். அதன் பின்பக்கம் 340 கட்டம் போட்டு அடுப்படிக் கதவில் ஒட்டினேன். ஒரு கட்டம் ஆயிரம் ரூபாய். மாதாமாதம் மகள்தான் சிவப்புப் பென்சிலால் நிரப்புவாள். சித்திரையில் மொய் வைத்ததில் ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை. அன்று அவள் பென்சிலோடு வந்து நின்றது தாங்க முடியவில்லை.

சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. தர்மபுரி மாவட்டத்தில் 2023 முதல் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு தருகிறார்களே, களியும் கொள்ளுக் கடைசலும் இருந்தால் ராத்திரிக்கு வேறென்ன வேண்டும்? கடையில் டீ குடிப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அப்புறம், அன்று ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அடுத்தது அடகில் இருக்கும் அம்மாவின் வளையல். பொங்கலுக்குள் மீட்டுவிடப் பார்க்கிறேன்.