நிலாவெளியில் பிரியஸ் பிளக்-இன்: சார்ஜ் போட்டு இருபது நிமிடத்தில் கரண்ட் நிற்கிறது

நிலாவெளிக்காரன்:
வணக்கம். ஜப்பானில் இருந்து வந்த பிரியஸ் பிஎச்வி, பழைய மொடல், 4.4 யூனிட் பற்றரி. வீட்டு 13 ஆம்பியர் பிளக் பேசில் போட்டால் இருபது நிமிடத்தில் லைன் போகுது. பிளக்கில் கை வைக்கேலாத சூடு. சில நாள் கேபிளின் நடுப்பெட்டியில் சிவப்பு லைற்றும் எரியுது. கோளாறு காரிலோ வீட்டிலோ? இதை வித்துப்போட்டு ஹைட்ரஜன் கார் பார்க்கலாமோ?

கந்தளாய்_வயர்:
ஹைட்ரஜனைப் பிறகு பார்ப்பம். முதலில் எந்த லீவர் விழுது எண்டு பாருங்கோ. றிப் சுவிட்ச் விழுந்தால் கரண்ட் எர்த்துக்குக் கசியுது. சின்ன பிரேக்கர் விழுந்தால் லோட் அல்லது சூடு.

கார் இழுப்பது 9–10 ஆம்பியர், ஒன்றரை மணித்தியாலம் விடாமல். அயன்பொக்ஸ் மாதிரி விட்டுவிட்டு இல்லை. அதனால் தளர்ந்த ஸ்குரூ ஒன்று இருந்தாலே காணும், அந்த இடம் சூடாகும். பிரேக்கரின் ஸ்குரூ தளர்ந்தால் அந்தச் சூடே உள்தகட்டை வளைத்து லீவரை விழுத்திப்போடும். மெயினை நிப்பாட்டிப்போட்டு பிளக், பிளக் பேஸ், பிரேக்கர் மூன்றையும் திறந்து பாருங்கோ. ஜப்பான் பிளக்கை வெட்டி 13 ஆம்பியர் பிளக் பூட்டின கேபிள் எண்டால் அதில்தான் எனக்குச் சந்தேகம். பெட்டி லேபிளில் 240 வோல்ட் தாங்கும் எண்டு இருக்கோ எண்டும் வாசியுங்கோ. 230 லைன் சில நேரம் அதுக்கும் ஏறும்.

சரியான வேலை: போர்ட்டில் இருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் காருக்கெண்டு தனி லைன், 16 ஆம்பியர் பிரேக்கர், 30 மில்லியம்பியர் றிப், அதுவும் ஏ வகை (சாதாரண ஏசி கசிவோடு துடிக்கிற டிசி கசிவையும் பிடிக்கிறது). எக்ஸ்ரென்சன் கோட் வேண்டவே வேண்டாம்.

நிலாவெளிக்காரன்:
நன்றி அண்ணா. விழுறது பிரேக்கர். பிளக்கைத் திறந்தன், லைவ் ஸ்குரூ அரைச் சுற்றுத் தளர்ந்திருக்கு, பியூசின் ஒரு முனை கறுத்துப் போச்சு. சிவப்பு லைற் இப்ப, இந்த வெயில் காலத்தில்தான்.

கந்தளாய்_வயர்:
இறுக்கிவிட்டால் போதாது. சூடு பட்ட பித்தளைக்குப் பிடிப்பு போயிடும், பிளக்கையும் பேசையும் சேர்த்து மாத்துங்கோ. கடற்காற்றில் முனையில் பச்சை பிடிக்கும், ஆறு மாதத்துக்கு ஒருக்கால் திறந்து பாருங்கோ.

சிவப்பு லைற் பெரும்பாலும் எர்த் சரியில்லாததால். காய்ந்த மணலில் 1.2 மீற்றர் கம்பி பேருக்குத்தான் எர்த். எர்த் ரெஸ்ரரால் அளந்து 100 ஓமுக்குக் கீழே கொண்டு வாங்கோ, 10க்குக் கிட்ட எண்டால் நல்லது. ஈரமண் வரை இறக்கி, கம்பி நீளத்துக்குக் குறையாத தூரத்தில் இரண்டாவது கம்பி அடியுங்கோ. உப்புப் போட்டால் கம்பி தின்னுப்படும், பென்ரொனைற் (ஈரத்தைப் பிடிச்சு வைக்கிற களிமண்) போடலாம்.

ஒண்டு மட்டும் செய்யாதேங்கோ. பிளக்குக்குள்ளே நியூற்றலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டி லைற்றை அணைக்கிற ஆக்கள் இருக்கினம். நியூற்றல் ஒரு நாள் அறுந்தால் கார் பொடி முழுக்க கரண்ட்.

உவர்க்காற்று:
ஹைட்ரஜன் பக்கம். ரொயோட்டாவின் ஹைட்ரஜன் கார் மிராய். அதன் இரண்டாம் தலைமுறையில் மூன்று ராங்கி, 5.6 கிலோ ஹைட்ரஜன், 700 பார் அழுத்தம். அந்த அழுத்தத்தில் நிரப்ப இலங்கையில் பொது நிலையம் இல்லை, பேச்சு அங்கேயே முடியுது.

வீட்டுச் சோலாரில் தண்ணியைப் பிரிச்சு ஹைட்ரஜன் எடுக்கலாமே எண்டு கேட்பீங்கள். ஒரு கிலோவுக்கு 50–55 யூனிட் போகும், அதை அழுத்தி ராங்கியில் அடைக்கிற செலவு வேற. அந்த ஒரு கிலோவில் மிராய் ஓடுறது கிட்டத்தட்ட 100 கிலோமீற்றர். அதே யூனிட்டைப் பற்றரிக்குக் குடுத்தால் மூன்று மடங்குக்கு மேல் ஓடலாம்.

உங்கட ஊருக்கு இன்னொரு சிக்கல்: ஹைட்ரஜனில் இருந்து கரண்ட் எடுக்கிற பியூல் செல் வெளிக்காற்றை உறிஞ்சித்தான் வேலை செய்யும். உப்பின் சோடியம் உள்ளே போனால் மென்படலத்தில் புரோட்டோன் போகும் இடத்தைப் பிடிச்சுக்கொள்ளும், பவர் இறங்கும். இதுக்கெண்டே தனிக் காற்று பில்ற்றர் இருக்கு, மாத்தப் பிந்தக்கூடாது.

நிலாவெளி–திருகோணமலை ஒரு பக்கம் 15 கிலோமீற்றரளவில். உங்கட பிரியஸ் ஒரு சார்ஜுக்கு ஒரு பக்கப் பயணம் முழுக்கப் பற்றரியில் போகும், திரும்பி வர பெற்றோல். ரவுனில் வேலை இடத்திலும் ஒரு நல்ல பிளக் பேஸ் கிடைத்தால் அதுவும் தேவையில்லை.